பணிப்பாளர் கேட்ட மன்னிப்பு

மன்னார்ச் செய்திகளுக்குக் கீழே சில பேப்பர்களில் "மன்னார் நிருபர்" என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அந்த நிருபர் யாரென்று வாசிக்கிறவர்கள் யோசிப்பதில்லை. அவள் எங்கள் வங்காலை யாகப்புவின் மூத்த மகள் ஜெனிஸ்ரா. யாகப்பு எனக்கு மாமி மகன். அவனுடைய தாயும் என் தகப்பனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் யாகப்பு பெண்சாதியையும் இந்தப் பிள்ளையையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு இராமேஸ்வரம் போனவன். அப்போது அவளுக்கு வாயில் நாலு சொல் வந்து கொஞ்சக் காலம்தான். மண்டபம் முகாமில் வளர்ந்தாள். அங்கேயே பள்ளிக்கூடம் போனாள், இராமநாதபுரத்தில் டைப்பிங் பழகினாள். முகாமிலேயே உயிலங்குளத்துக் குடும்பத்துப் பையன் ஜெகதீபனைக் கட்டிக்கொண்டாள். அதே தொண்ணூறின் கடைசியில்தான் மன்னார்த் தீவில் தாராபுரத்து ஆட்களையும் மற்ற முஸ்லிம் சனத்தையும் இயக்கம் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னது. அவர்கள் தெற்கே கற்பிட்டி, புத்தளம் என்று போய்க் கொட்டிலில் இருந்தார்கள். நாங்கள் ஒரு கரையில், அவர்கள் இன்னொரு கரையில். இருபது வருஷமாக ஒருவர் வீட்டு நன்மை தின்மையை மற்றவர் கண்டதில்லை.

சண்டை முடிந்து இரண்டு பகுதியும் திரும்பி வந்தது. ஜெனிஸ்ரா வந்து இறங்கிய நாளில் அவளுடைய பேச்சு முழுக்க இந்தியப் பேச்சு. "வர்றேன், போறேன்" என்பாள். சந்தையில் மீன்காரப் பெண்கள் அவளை இந்தியாக்காரி என்று பகிடி பண்ணி, விலையையும் கூட்டிச் சொல்வார்கள். ஒரு வருஷத்தில் பேச்சை மாற்றிவிட்டாள். ஆனால் கோபம் வந்தால் இன்றைக்கும் மண்டபம்தான் வாயில் வரும். அந்த வீட்டில் ஜெகதீபன் பெண்சாதியின் கோபத்தை அளப்பதே அதை வைத்துத்தான்.

டவுன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைவரிசையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை போட்டாள். திரும்பி வந்த சனத்துக்கு அந்தக் கடைகளைக் கொடுக்கலாம் என்று ஒப்பம் வைத்தவர்களில் ஒருவர் அப்துல் றசாக். அப்போது அவர் சின்ன அதிகாரி. கடை திறந்த அன்று எட்டிப் பார்த்து, கதிரை ஒன்றையாவது வாடிக்கையாளருக்குப் போடு பிள்ளை, நின்றுகொண்டு எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கதிரை இன்னும் இருக்கிறது.

நிருபர் வேலை அவளுக்குத் தற்செயலாக வந்தது. முந்தி இருந்த நிருபர் அவளுடைய கடையில் இருந்துதான் கொழும்புக்குச் செய்தி அனுப்புவார். அவர் கனடாவுக்கு மகளிடம் போனபோது, எழுத்துப் பிழை இல்லாமல் அடிக்கத் தெரிந்த ஆள் நீதான் என்று இவளிடம் விட்டுவிட்டுப் போனார். அந்த வேலையில் ஒரு முறை இருக்கிறது. நிருபர் ஐந்து வரி, ஆறு வரி எழுதி அனுப்ப வேண்டும். தலைப்பு வைப்பது கொழும்பில் மேசையில் இருக்கிறவர்கள். அதில் நிருபர் வாய் திறக்க முடியாது. அவளுடைய முதல் செய்தியே தீவுக்கு வருகிற பாலத்தில் கழுதைகள் படுத்துக் கிடந்து காலை பஸ் பிந்தியது பற்றியது. அடுத்த நாள் பேப்பரில் "மன்னாரில் போக்குவரத்து ஸ்தம்பிதம்" என்று வந்தது. கழுதையைக் காணவில்லை. யாகப்பு அதை வாசித்துவிட்டு, ஊரில் ஏதோ கலவரம் என்று நினைத்து மகளுக்குப் போன் எடுத்தான்.

அந்த அப்துல் றசாக் படிப்படியாக ஏறி, மாகாணத் திணைக்களம் ஒன்றின் பணிப்பாளராகிவிட்டார். தாராபுரத்து மனிதர். அவருடைய வாப்பா பழைய காலத்தில் வங்காலைக்குச் சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு வந்து விற்றவர். என் தங்கச்சியின் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளில் போட்ட சட்டைக்குத் துணி அவரிடம் எடுத்ததுதான். மகன் றசாக் கிழமை முழுக்க யாழ்ப்பாணத்தில் இருந்து, வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்து போவார். வாகனம், சாரதி, குளிரூட்டின கந்தோர் எல்லாம் உண்டு. ஓய்வு வயது வரவில்லை. அப்படி இருந்த மனிதர் போன வைகாசியில் ஒருநாள் பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். சொந்தக் காரணம் என்று மட்டும் எழுதியிருந்தார்.

செய்தியைக் கடைக்குக் கொண்டு வந்தவள் பரமேஸ்வரி. அந்தத் திணைக்களத்தின் மன்னார்க் கிளையில் எழுதுவினைஞர். சின்ன வயதில் வவுனியா முகாமில் இருந்துவிட்டு வந்த பிள்ளை. மத்தியானம் கொப்பி எடுக்க வந்தவள் கண் கலங்கி நின்றாள். பணிப்பாளர் காலையில் கிளைக்கு வந்தாராம். ஒவ்வொரு மேசையாகப் போய் நின்றாராம். தெரிந்தோ தெரியாமலோ நான் உங்களுக்குச் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாராம். வாசல் காவலாளியிடமும், தேத்தண்ணி ஊற்றுகிற மனிசியிடமும் கூடக் கேட்டாராம். பிறகு, தூரப் பயணம் ஒன்று போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாராம்.

"அவ்வளவு பெரிய ஆள், அக்கா. என்ர மேசையில வந்து நிண்டு மன்னிப்புக் கேக்கிறார். நான் எழும்பவும் மறந்து, இருந்தபடியே தலையாட்டினன்" என்றாள் பரமேஸ்வரி.

ஜெனிஸ்ரா யாழ்ப்பாணக் கந்தோருக்குப் போன் எடுத்து, விலகியது உண்மைதானா என்று கேட்டு உறுதிப்படுத்தினாள். றசாக்குக்கும் எடுத்தாள். அவர் எடுக்கவில்லை. பின்னேரம் ஆறு வரி எழுதி அனுப்பினாள். பணிப்பாளர் பதவி விலகினார், சொந்தக் காரணம் என்று கடிதத்தில் சொல்லியிருக்கிறார், கிளை ஊழியர் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு விடைபெற்றார். ஒரு சொல்லும் பொய் இல்லை.

விடியப் பேப்பர் வந்தது. முதல் பக்கத்தில் கட்டம் கட்டி, "மன்னிப்புக் கோரினார் பணிப்பாளர், பதவியும் துறந்தார்" என்று போட்டிருந்தது. சொந்தக் காரணம் என்ற வரியை வெட்டி, காரணம் வெளியிடப்படவில்லை என்று மாற்றியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். வேறொரு பேப்பரின் இணையப் பக்கம் "அரசியல் அழுத்தமா, முறைகேடா?" என்று கேட்டது. கேள்விக்குறி போட்டால் பொறுப்பு வாசிக்கிறவனுக்குத்தான் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. ஓர் இணையத்தளம் "நாட்டைவிட்டு வெளியேறுகிறாரா?" என்று போட்டு, தகவலறிந்த வட்டாரங்கள் தெரிவித்தன என்று எழுதியது. அந்த வட்டாரம் வேறு யாருமில்லை, தூரப் பயணம் என்று கேட்டதை நாலு பேரிடம் சொன்ன பரமேஸ்வரிதான். ஏதோ ஒரு விழாவில் வெயிலுக்கு அவர் முகம் துடைத்த படத்தையும் தேடிப் பிடித்துப் போட்டிருந்தார்கள். பார்த்தால் மனிதர் அழுவது மாதிரியே இருந்தது.

பஸ் நிலையத்தில் பேப்பர் ஏஜண்ட் நஸார். தாராபுரத்து ஆள். ஜெனிஸ்ராவுக்கு ஓரிரண்டு வயது மூப்பு. தினமும் அவளுடைய பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இண்டைக்கு எந்தக் கழுதை என்று கேட்டுத்தான் கொடுப்பார். அன்றைக்கு மடிக்கவில்லை. விரித்தபடி நீட்டினார்.

"தங்கச்சி, இது நீங்கள் எழுதினதோ?"

"ஓம், நஸார் நானா. தலைப்பு அவையள் போட்டது."

"அவர் உம்மாவையும் கூட்டிக்கொண்டு ஹஜ்ஜுக்குப் போறார். போறதுக்கு முதல் எல்லாரிட்டையும் மாப்புக் கேக்கிறது எங்கட வழக்கம். ஆரிண்ட மனத்தாங்கலையும் சுமந்துகொண்டு அங்க போகேலாது. என்ர வாப்பா போகேக்க, எங்களைக் கடிக்க வந்த நாயின்ர சொந்தக்காரனிட்டையும் போய்க் கேட்டவர்."

ஜெனிஸ்ரா அந்தக் கட்டத்தை இன்னொரு தரம் வாசித்தாள். பேப்பரை மடித்தாள்.

"உங்களுக்குத் தெரியாது எண்டு எனக்கு விளங்குது. தாராபுரத்தில விளங்குமோ?" என்று நஸார் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மிச்சக் காசு கொடுக்கத் திரும்பினார்.

அவள் வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் சொன்னாள். யாகப்புவுக்கு அந்த வழக்கம் நன்றாகத் தெரியும். துணிக்கார மனிதர் ஹஜ்ஜுக்குப் போக முதல் வங்காலையில் வீடு வீடாக வந்தவர். இது ஒரு நாளும் உங்கள் வாயில் வரவில்லையே அப்பு என்று மகள் கேட்டதற்கு, "முகாமில இருந்துகொண்டு அதை ஆருக்குச் சொல்றது?" என்று மட்டும் சொன்னான். 

கொழும்புக்குப் போன் எடுத்தாள். மேசையில் இருந்த மனிதர் கோபப்படாமல் பேசினார்.

"பிள்ளை, அவரு விலகினாரா? விலகினார். மன்னிப்புக் கேட்டாரா? கேட்டார். இதுல நாங்க எதைத் திருத்துறது?"

"அண்ணே, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டீங்கல்ல? இப்போ அவரைத் திருடன்னு நெனைக்கிறாங்கண்ணே" என்றாள் ஜெனிஸ்ரா. மண்டபம் வந்துவிட்டது.

அப்படியென்றால் அவரை ஒரு மறுப்பு அனுப்பச் சொல்லுங்கள், போடுகிறோம் என்று அவர் வைத்துவிட்டார்.

பின்னேரம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தாராபுரம் போனாள். கேற்றில் வந்து நின்றது றசாக்கின் பெண்சாதி றம்லா. இன்னும் எழுத என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டா. காலையில் இருந்து போன் ஓயவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக்காரர் கூப்பிட்டு, எவ்வளவு காசைச் சுருட்டினார் என்று கேட்கிறார்கள், மாமிக்கு, அவருடைய உம்மாவுக்கு, கண் மங்கினாலும் காது நன்றாகக் கேட்கும், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கட்டிலில் இருக்கிறா என்று சொன்னா. சத்தம் போடவில்லை. கேற்றைத் திறக்கவும் இல்லை. பிறகு உள்ளே இருந்து றசாக் வரச் சொன்னார். முற்றத்துக் கதிரையில் உட்கார வைத்தார்.

அவர் விலகிய காரணம் அவர் எழுதியதுதான். உம்மாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. கண் கொஞ்சமாவது தெரியும்போது மக்காவைக் காட்ட வேண்டும். வந்த பிறகு பக்கத்தில் இருக்க வேண்டும். கிழமைக்கு ஒருக்கா வந்து போகிற மகன் போதாது. அவ்வளவுதான். ஆனால் வாகனத்தையும் கந்தோரையும் ஒருவன் சும்மா விடுவான் என்று நம்ப இந்த ஊரில் ஆள் இல்லை, பேப்பரிலும் இல்லை.

ஜெனிஸ்ரா தெரியாமல் செய்த பிழையென்று சொன்னாள். ஒரு மறுப்பு எழுதித் தாருங்கள், நானே அனுப்புகிறேன் என்று கேட்டாள்.

"மறுப்பில என்னத்தை எழுதுறது, பிள்ளை?" என்றார் றசாக். "ஹஜ்ஜுக்குப் போறன் எண்டோ? அல்லாஹ்வுக்கெண்டு போறதை ஊருக்குக் காட்டினால் போறதில என்ன பலன்? என்ர பேர் கெட்டால் கெடட்டும். அதைப் பேப்பரில போட்டிடாதீங்கோ. அதுதான் நான் உங்களிட்டைக் கேக்கிறது."

போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். அவரும் தலையாட்டினார், மரியாதையாகத்தான். ஆனால் தேத்தண்ணி வரவில்லை. தாராபுரத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் இருந்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பினவர் அதற்கு முதல் யாராவது இருந்தார்களோ தெரியாது.

இப்போது அவளுடைய நிலையைப் பாருங்கள். அவர் பேரைத் துடைக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவர் போகிற நாளோ கிட்ட வந்துவிட்டது. அவர் போன பிறகு, தப்பி ஓடிவிட்டார் என்று எழுத அந்த இணையத்தளம் காத்துக்கொண்டிருந்தது. உம்மாவின் காதில் மகன் கள்ளன் என்ற பேச்சோடுதான் அந்தப் பயணம் வெளிக்கிட வேண்டும். இரவு ஜெகதீபன், நீ எழுதினால்தானே பிழை வருகிறது, பேசாமல் இரு என்றான். அவள் அவனுக்குச் சொன்ன பதில் இந்தியப் பேச்சில் இருந்ததால் அவன் அதற்குமேல் பேசவில்லை.

விடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு அந்தக் கிளைக் கந்தோருக்குப் போனாள். மேசை மேசையாக, அவர் போன மாதிரியே போனாள். எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள். அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்டாரே, உங்களுக்கு அவர் செய்த பிழை என்ன?

ஆட்கள் முழித்தார்கள். யோசித்துப் பார்த்துத்தான் சொன்னார்கள். கிளைக்கு வரும்போதெல்லாம் அவருக்கு வாகனம் ஓட்டிய சாரதி, நோன்பு மாதத்தில், நோன்பு பிடிக்காத தனக்குப் பசிக்கும் என்பதைப் பணிப்பாளர் மறந்து முல்லைத்தீவு வரைக்கும் நிற்காமல் போகச் சொல்லிவிட்டார் என்றான். பிறகு அவரே நினைத்துக்கொண்டு, தான் தின்னாமல் இவனைக் கடையில் இருத்திச் சோறு வாங்கிக் கொடுத்தாராம். காவலாளி, கதிரையில் நித்திரையான என்னை ஒருநாள் தட்டி எழுப்பினவர் என்றார். எழுப்பினது பிழையோ என்று கேட்டதற்கு, கொஞ்சம் மெதுவாகத் தட்டியிருக்கலாம் என்றார். பரமேஸ்வரியின் கடிதத்தை இரண்டு தரம் திருப்பி அனுப்பியிருக்கிறார், இரண்டு தரமும் பிழை அவளுடையது. தேத்தண்ணி ஊற்றுகிற மனிசிக்குத்தான் ஒன்றும் நினைவு வரவில்லை. கடைசியில், சீனி கூடிப்போச்சு என்று ஒருநாள் முகத்தைச் சுழித்தார் போல, அதையோ சொல்கிறார் என்று அவவே இவளிடம் திருப்பிக் கேட்டா.

ஜெனிஸ்ரா அவற்றை அப்படியே எழுதினாள். ஹஜ் என்ற சொல்லோ பயணம் என்ற சொல்லோ அதில் இல்லை. தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்ட வார்த்தைகளை மட்டும், முதல் செய்தியில் விட்டதை, இதில் முழுதாகச் சேர்த்தாள். முதல் தடவையாகத் தலைப்பையும் அவளே வைத்தாள்: "பணிப்பாளர் மன்னிப்புக் கேட்டது இவற்றுக்குத்தான்". கொழும்புக்குப் போன் எடுத்து, தலைப்பை மாற்றுவதென்றால் இந்தச் செய்தியும் வேண்டாம், மன்னாருக்கு வேறு நிருபரைப் பாருங்கள் என்று சொன்னாள். மேசைக்காரர் சிரித்தார். ஐந்து வரியில் கழுதைச் செய்தி அனுப்புகிற நிருபர் ஒருவரும் தலைப்புக்காக இப்படிச் சண்டை பிடித்ததில்லை என்றார்.

உள்பக்கத்தில், விளையாட்டுச் செய்திக்கு மேலே போட்டார்கள். கடைசி இரண்டு வரியை வெட்டிவிட்டார்கள். தலைப்பு நின்றது.

பஸ் நிலையத்தில் அதை வாசித்துச் சிரிக்காத ஆள் இல்லை. சீனி கூடிப்போனதற்கு மன்னிப்புக் கேட்ட மனிதனா கள்ளன் என்று ஒரு மீன் வியாபாரி கேட்டார். முஸ்லிம் ஆட்கள் அந்த வார்த்தைகளைப் பார்த்த உடனே, ஆள் எங்கே போகிறார் என்று விளங்கிக்கொண்டார்கள், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முறைகேடா என்று கேட்ட பேப்பர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இணையத்தளம் மட்டும் அழுகிற படத்தை எடுக்கவே இல்லை. இன்றைக்கும் பேரை அடித்துத் தேடினால் வரும்.

நஸார் அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்திருந்தார்.

புறப்படுவதற்கு முதல் நாள் காலை றசாக் கடைக்கு வந்தார். சாரதி இல்லை, ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்தக் கதிரையில் இருந்தார். உம்மாவின் பாஸ்போட்டில் ஒரு கொப்பி எடுக்க வேண்டும் என்றார். அவள் எடுத்துக் கொடுத்தாள். காசைக் கொடுத்த பிறகும் எழும்பவில்லை. அவர் அன்று சொன்னதை இவ்வளவு நாளும் ஜெனிஸ்ரா வீட்டுக்கு வெளியே எடுத்ததில்லை. அவர் போய் வந்து ஹாஜியார் என்று ஊரே கூப்பிடுகிறதால், இப்போது எழுதுவதில் பிழையில்லை என்று அவளே சொன்னாள்.

"பிள்ளை, முதல் பேப்பர் வந்த அண்டு காலமை, வீட்டில இருந்து உங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லிப்போட்டன். உங்களுக்குக் கேட்டிராது. ஆனால் சொன்னது சொன்னதுதான். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கோ."

"என்ன சேர் சொன்னீங்கள்?"

அவர் பாஸ்போட்டைச் சட்டைப் பையில் வைத்தார். "அகதி முகாமில வளந்ததுக்கு மனிசரைப் பற்றி என்ன தெரியும் எண்டு கேட்டன்."

 ஜெனிஸ்ராவுக்கு முகம் மாறிவிட்டது. அவள் கையில் இருந்த கடதாசியை அடுக்கினாள், பிறகும் அடுக்கினாள்.

"நீங்களும் புத்தளத்தில கொட்டிலில இருந்தனீங்கள்தானே, சேர்."

"அதாலதான் போனில கேக்காமல் நேரில வந்தனான்."

  வாசலில் ஒருவர் கொப்பி எடுக்க வந்து நின்று, உள்ளே பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.

"பொறுத்துக்கொண்டன்" என்றாள் கடைசியில். "நானும் உங்கட பேரைக் கெடுத்துப்போட்டன். நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கோ."

"அது உள்பக்கத்தை வாசிச்ச அண்டே முடிஞ்சுது" என்று எழும்பினார் றசாக். வாசலில் நின்று திரும்பி, சாரதிக்கு வாங்கிக் கொடுத்தது சோறு இல்லை, புட்டு, அதையும் பிழையாக எழுதிவிட்டீர்கள் என்றார். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தாராபுரம் றோட்டில் திரும்பியிருக்கவும் மாட்டார், ஜெனிஸ்ராவின் போன் அடித்தது. முறைகேடா என்று கேட்ட அந்தப் பேப்பரின் நிருபர். முன்னாள் பணிப்பாளர் உங்கள் கடையில் வெகுநேரம் இருந்தாராமே, என்ன விஷயம் என்று கேட்டார். ஒரு வரி போதுமாம், பேர் போட மாட்டாராம்.

"போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர்" என்றாள் ஜெனிஸ்ரா.

வேறொன்றும் இல்லையா என்று அவர் திரும்பவும் கேட்டார். ஒரு பக்கம்தான், கறுப்பு வெள்ளை என்று சொல்லிவிட்டு, கொப்பி எடுக்கத் திரும்பி வந்து காத்துநின்ற ஆளை உள்ளே வரச் சொல்லிக் கதிரையைக் காட்டினாள்.